பல பொருள் ஒரு சொல்: தரவுத்தளத்தில் பெயர் மோதலும் தீர்வும்

ஒரே சொல் பல பொருள் தருவது தமிழர்களாகிய நமக்குப் புதிய செய்தி அன்று. 'மா' என்றால் மாமரம். விலங்கு என்றும் பொருள். அரைத்து வைத்த மாவும் அதுவே. நில அளவும் அதுவே. பேச்சில் இது நம்மைத் தடுமாற வைப்பதில்லை. கேட்பவர் மனிதர், இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். கேட்பது கணினியாக இருந்தால் என்ன ஆகும்? அங்கேதான் சிக்கல் பிறக்கிறது. நம் சங்க உறுப்பினர் வீடுகளில் அனேகமாக வீட்டுக்கு ஒருவராவது மென்பொருள் துறையில் இருக்கிறார். "ஆபீஸில் என்னதான் பண்றே?" என்று கேட்டால், "டேட்டாபேஸ்ம்மா, சொன்னா புரியாது" என்று நழுவிவிடுகிறார்கள். அவர்கள் நாள்தோறும் சந்திக்கும் ஒரு சின்னச் சங்கதியை, சின்னதுதான் ஆனால் ஆபத்தானது, எல்லோருக்கும் புரியும்படி சொல்ல இக்கட்டுரை முயல்கிறது. துறையில் இருப்பவர்களுக்கும் பின்பகுதியில் பயனுள்ள குறிப்புகள் உண்டு.

தொல்காப்பியர் வகுத்த இரு வகை

கணினிக்குள் நுழையுமுன் நம் இலக்கணத்தை ஒரு முறை எட்டிப் பார்ப்போம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம், பல பொருள் ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, வினையால் வேறுபடுவது. மற்றொன்று, வினையால் வேறுபடாதது.

முதல் வகைக்கு 'மா பூத்தது' என்பதை எடுத்துக்கொள்ளலாம். விலங்கு பூக்காது, ஆகவே இது மரம்தான். 'மா ஓடியது' என்றால் மரம் ஓடாது, ஆகவே விலங்கு. வினை மட்டுமன்றி, உடன் வரும் இனமும் சூழ்ந்த சார்பும்கூடப் பொருளைத் தெளிவாக்கும் என்கிறார் ஆசிரியர். இரண்டாம் வகைக்கு 'மா வீழ்ந்தது' என்பதைப் பாருங்கள். மரமும் விழும், விலங்கும் விழும். வினை உதவி செய்யாது. அப்படிப்பட்ட இடத்தில் சொல்பவர்தாம் 'மாமரம் வீழ்ந்தது' என்று வெளிப்படையாகக் கிளந்து சொல்ல வேண்டும். கேட்பவர் ஊகிக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

இந்த இரு வகையையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் நேரும் பெயர் மோதல் முழுவதையும் இந்த ஒரே பாகுபாட்டால் விளக்கிவிடலாம்.

அட்டவணை, பத்தி, மாறி

தரவுத்தளம் என்பது ஒழுங்காக எழுதி வைத்த பேரேடு, அவ்வளவுதான். நம்மைப் போன்ற ஒரு சங்கத்தில் 850 உறுப்பினர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் விவரம் 'உறுப்பினர்' என்ற அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வரிசை. எண், பெயர், முகவரி என்று மேலே தலைப்பிட்டுக் கீழ்நோக்கி இறங்குபவை பத்திகள்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் காலம் எனப்படும் இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? அப்படியே எழுதினால் 'காலம்' என்று நேரத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்தில் இதை 'நிரல்' என்கிறார்கள். அதே 'நிரல்' கணினிப் பாடத்தில் புரோகிராமைக் குறிக்கிறது. 'பத்தி' என்றாலோ ஊதுபத்தி நினைவு வருகிறது. பெயர் மோதலைப் பற்றி எழுதப் புகுந்தால் கலைச்சொல்லே மோதுகிறது, பாருங்களேன்! செய்தித்தாள் வழக்கை ஒட்டி இங்கே 'பத்தி' என்றே எழுதுகிறேன்.

இனி, செயற்கூறு. அதாவது ஃபங்ஷன். அடிக்கடி செய்யும் ஒரு வேலையை ஒரு முறை எழுதிப் பெயர் வைத்துத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்துவிடுவது. 'முகவரி_மாற்று' என்று ஒரு செயற்கூறு இருக்கிறது என்போம். அதனிடம் உறுப்பினர் எண்ணையும் புதிய முகவரியையும் கொடுத்தால், அது அட்டவணையில் மாற்றிவிடும். நாம் கொடுக்கும் மதிப்புகளைத் தற்காலிகமாக ஏந்தி நிற்கும் பெயர்களுக்கு 'மாறி' என்று பெயர். பத்தி என்பது அலமாரியில் நிலையாக இருக்கும் டப்பா. மாறி என்பது கையில் பிடித்திருக்கும் கிண்ணம்.

எழுதுபவர் என்ன செய்வார்? உறுப்பினர் எண்ணை ஏந்தும் மாறிக்கு இயல்பாக 'எண்' என்றுதான் பெயர் வைப்பார். முகவரியை ஏந்துவதற்கு 'முகவரி'. அலமாரி டப்பாவிலும் அதே பெயர், கைக் கிண்ணத்திலும் அதே பெயர்.

ஒரே வரி, வேறு வேறு விளைவு

இப்போது அந்தச் செயற்கூறின் உள்ளே இருக்கும் கட்டளையைப் பார்ப்போம். கட்டளைச் சொற்கள் உண்மையில் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே படிப்பதற்கு எளிதாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

அப்டேட் உறுப்பினர் செட் முகவரி = முகவரி வேர் எண் = எண்;

எழுதியவர் மனத்தில் இருப்பது இது: 'உறுப்பினர் அட்டவணையில், எண் பத்தி நான் கொடுத்த எண்ணுக்குச் சமமாக உள்ள வரிசையில், முகவரிப் பத்தியை நான் கொடுத்த முகவரியாக மாற்று.' தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த 214ஆம் எண் உறுப்பினரின் முகவரியை மாற்றுவதே நோக்கம்.

இந்த வரியில் 'முகவரி' இரண்டு முறை, 'எண்' இரண்டு முறை வருகின்றன. 'செட்' என்பதை அடுத்து வரும் முதல் 'முகவரி' பத்தியாக மட்டுமே இருக்க முடியும். அந்த இடத்துக்கு வேறு எதுவும் பொருந்தாது. இது 'மா பூத்தது' வகை. இடமே பொருளைக் காட்டிவிடுகிறது. மற்ற மூன்று இடங்களும் 'மா வீழ்ந்தது' வகை. பத்தியும் வரலாம், மாறியும் வரலாம். மனிதர் படித்தால், 'ஒன்று பத்தி, மற்றது மாறி, இதுகூடவா தெரியாது?' என்பார். கணினி அப்படி எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு விதி எழுதப்பட்டிருக்கும். அந்த விதிப்படி நடக்கும். விதியோ மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது.

ஆரக்கிளில் விதி: கட்டளைக்குள் பத்திக்கே முதல் உரிமை. ஆகவே மூன்றும் பத்தியே. 'எண் பத்தி எண் பத்திக்குச் சமமா?' என்று ஒவ்வொரு வரிசையிலும் கேட்கிறது. ஒவ்வொருவர் எண்ணும் அவரவர் எண்ணுக்குச் சமம்தானே! 850 வரிசையும் தேர்வாகின்றன. ஒவ்வொன்றிலும் முகவரிப் பத்தியில் அதே முகவரிப் பத்தியின் மதிப்பே மீண்டும் எழுதப்படுகிறது. 850 வரிசை மாற்றப்பட்டது என்று கணக்கு வரும். உண்மையில் ஒன்றும் மாறியிருக்காது. தாம்பரம் போனவருக்கு மலர் பழைய வீட்டுக்கே போகும்.

மை எஸ்க்யூஎல்லில் விதி நேர் எதிர்: மாறிக்கே முதல் உரிமை. மூன்றும் மாறியே. '214 என்பது 214க்குச் சமமா?' ஆம், ஒவ்வொரு வரிசையிலும் ஆம். 850 பேர் முகவரியும் தாம்பரத்து முகவரியாக மாறிவிடும். அடுத்த மாதம் செயலாளர் விலாசச் சீட்டு அச்சடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே விலாசம்!

"ஏம்ப்பா தம்பி, ஒருத்தர் விலாசத்தை மாத்தச் சொன்னா, ஊருக்கே ஒரே விலாசம் வந்துடுச்சே?"

"கம்ப்யூட்டர் எழுதினபடிதான் செஞ்சிருக்கு, மாமா. எழுதினதுல எது எந்த எண்ணுன்னு சொல்லலை."

இரண்டு மென்பொருளிலும் பிழைச் செய்தி எதுவும் வராது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டுமே 'வேலை முடிந்தது' என்றுதான் சொல்லும். இதே வரி முகவரி மாற்றமாக இல்லாமல் நீக்கும் கட்டளையாக, 'டெலீட் ஃப்ரம் உறுப்பினர் வேர் எண் = எண்' என்று இருந்தால்? இரண்டு விதியிலும் பேரேடே காலி. ஆரக்கிளின் கையேடே இப்படி ஓர் உதாரணத்தைக் காட்டி எச்சரிக்கிறது: ஊழியர் அட்டவணையில் ஒரு குடும்பப் பெயர் உள்ளவரை மட்டும் நீக்க எழுதிய கட்டளை, எல்லோரையும் நீக்கிவிடுகிறது. அந்த உதாரணத்தில் பத்தியைப் பெரிய எழுத்திலும் மாறியைச் சின்ன எழுத்திலும் எழுதியிருக்கிறார்கள். அதனால் பயனில்லை, மேற்கோள் குறிக்குள் இடாத பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைத் தரவுத்தளம் பார்ப்பதில்லை.

சங்க விலாசப் பட்டியல் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அதுவே மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடாகவோ, வங்கிக் கணக்காகவோ இருந்தால் சிரிக்க முடியாது.

மோதல் ஏன் வருகிறது?

இரண்டு மொழிகள் ஒரே வீட்டில் குடியிருப்பதுதான் காரணம். அட்டவணைகளின் கொள்கையை எட்கர் காட் என்பவர் 1970இல் ஐபிஎம்மில் இருந்தபோது வெளியிட்டார். அட்டவணையிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை 1974இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அமைத்தார்கள். முதலில் அதற்கு வைத்த பெயர் சீக்வெல். அந்தப் பெயர் ஒரு விமான நிறுவனத்தின் வணிகப் பெயராக ஏற்கெனவே இருந்தமையால் எஸ்க்யூஎல் என்று சுருக்கினார்கள். பெயர் மோதலோடுதான் அந்த மொழியே பிறந்தது எனலாம்!

எஸ்க்யூஎல் 'என்ன வேண்டும்' என்று கேட்கும் மொழி. 'இப்படி இருந்தால் அப்படிச் செய், இத்தனை முறை செய்' என்று படிப்படியாகச் சொல்ல அது போதவில்லை. ஆகவே அதைச் சுற்றி இன்னொரு மொழியைக் கட்டினார்கள். ஆரக்கிள் உருவாக்கிய பிஎல் எஸ்க்யூஎல், ஏடா என்ற நிரல் மொழியைத் தழுவியது. போஸ்ட்கிரெஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு 1998இல் பிஎல் பிஜிஎஸ்க்யூஎல் வந்தது. அது ஆரக்கிளின் மொழியை ஒட்டி அமைந்தது. மாறிகள் வெளிமொழிக்குச் சொந்தம். பத்திகள் உள்மொழிக்குச் சொந்தம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்ப் பட்டியல். ஒரே வரியில் இரண்டு பட்டியலும் கலக்கும்போது யாரை முதலில் கேட்பது என்ற கேள்வி வருகிறது.

இதில் எஸ்க்யூஎல் சர்வர் தப்பித்துக்கொண்டது. அங்கே மாறி எதுவானாலும் '@' என்ற குறியோடுதான் தொடங்க வேண்டும். '@எண்' என்றால் கிண்ணம், 'எண்' என்றால் டப்பா. நெற்றியிலேயே அடையாளம் இருப்பதால் இந்தக் குழப்பத்துக்கு அங்கே இடமே இல்லை.

2010இல் வந்த மாற்றம்

போஸ்ட்கிரெஸின் கதை படிப்பினை தருவது. 9.0 பதிப்புக்கு முன், மாறியின் பெயர் கட்டளையில் எங்கே தென்பட்டாலும் அங்கே மாறியின் மதிப்பை வைத்துவிடும். பத்தி மட்டுமே வரக்கூடிய இடத்திலும்கூட வைத்துவிடும். 'மா பூத்தது' என்ற தெளிவான வாக்கியத்தையும் அது தவறாகப் படித்தது என்று சொல்லலாம். சில நேரம் விளங்காத இலக்கணப் பிழைச் செய்தி வரும். சில நேரம் சத்தமில்லாமல் தவறான விடை வரும்.

2010 செப்டம்பரில் வெளியான 9.0 பதிப்பில் இதை மாற்றினார்கள். இடமே பொருளைக் காட்டினால் அதன்படி எடுத்துக்கொள்ளும். இரண்டு பொருளுக்கும் இடம் இருந்தால், எந்தப் பக்கமும் சாயாமல் வேலையை நிறுத்திவிடும்: 'இந்தப் பெயர் மாறியையும் குறிக்கலாம், பத்தியையும் குறிக்கலாம், தெளிவில்லை' என்று பிழை காட்டும். நம் 850 உறுப்பினர் முகவரியும் பத்திரம். தொல்காப்பியரின் இரு வகையும் அப்படியே வந்து நிற்கின்றன அல்லவா? முதல் வகையைக் கணினியே தீர்த்துக்கொள்கிறது. இரண்டாம் வகையில், 'கிளந்து சொல்லுங்கள்' என்று எழுதியவரிடமே திருப்பி அனுப்புகிறது.

ஊகித்துத் தவறு செய்யும் கணினியைவிட, 'எனக்குப் புரியவில்லை' என்று நிற்கும் கணினியே நம்பத் தகுந்தது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. செயற்கூறை உருவாக்கும்போது இந்தப் பிழை தெரியாது. அந்தக் குறிப்பிட்ட வரி முதன்முதலில் ஓடும்போதுதான் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் முடிவில் மட்டும் ஓடும் கிளை ஒன்று இருந்தால், அதில் உள்ள மோதல் மார்ச் மாதம்தான் வெளியே வரும். ஆகவே எல்லாக் கிளைகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும்.

பின்னால் குடிவரும் பெயர்

'நான் கவனமாக எழுதுவேன், எனக்கு மோதல் வராது' என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். மோதல் எழுதும் அன்றைக்கே இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுக்குமாடியில் ஒரே ஒரு முருகன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'முருகன் வீட்டுக்குப் பார்சல்' என்றால் போதும். இரண்டு வருடம் கழித்து மூன்றாவது மாடிக்கு இன்னொரு முருகன் குடிவருகிறார். பழைய முருகன் எதுவும் மாற்றவில்லை, வாட்ச்மேனும் மாறவில்லை, ஆனாலும் பார்சல் இடம் மாறிப் போகிறது.

தரவுத்தளத்திலும் இதேதான். செயற்கூறில் 'நிலுவை' என்று ஒரு மாறி இருக்கிறது. அட்டவணையில் அந்தப் பெயரில் பத்தி இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் அட்டவணையில் 'நிலுவை' என்ற பத்தியைச் சேர்க்கிறார். போஸ்ட்கிரெஸ் என்றால் அன்றே செயற்கூறு பிழை காட்டி நிற்கும். ஆரக்கிள் என்றால் செயற்கூறில் ஓர் எழுத்தும் மாறாமல், அந்தப் பெயர் இனிமேல் பத்தியைக் குறிக்கும். புதிதாக வந்த பெயர் பழைய பெயரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்குத் துறையில் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்: இன்னர் கேப்சர், உட்கவர்தல். எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார். பத்தியைச் சேர்த்தவருக்கு அப்படி ஒரு செயற்கூறு இருப்பதே தெரிந்திருக்காது. யார்மேல் குற்றம் சொல்வது? ஆகவே, இன்றைக்கு மோதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெயரைக் கிளந்து எழுதுவதே சரியான பழக்கம்.

தீர்வுகள்

தமிழர்களாகிய நாம் பெயர் மோதலைத் தீர்ப்பதில் கைதேர்ந்தவர்கள். பள்ளிக்கூட வகுப்பில் இரண்டு ராமன் இருந்தால் எஸ். ராமன், கே. ராமன். குடும்பத்தில் தாத்தா பெயரே இரண்டு பேரன்களுக்கும் என்றால் 'பம்பாய்க் கணேசன், மதுரைக் கணேசன்'. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு 'சர்நேம் என்ன?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி இன்னும் பழக்கம். தரவுத்தளத் தீர்வுகளும் இவற்றைப் போன்றவையே.

முதலாவது, முன்னொட்டு. நம் இனிஷியலைப் போல. செயற்கூறுக்கு வெளியிலிருந்து வரும் மாறிக்கு 'பி_', உள்ளே அறிவித்த மாறிக்கு 'வி_' என்று முன்னால் சேர்ப்பது பரவலான வழக்கம். கட்டளை இப்படி ஆகும்:

அப்டேட் உறுப்பினர் செட் முகவரி = பி_முகவரி வேர் எண் = பி_எண்;

படித்தவுடன் புரிகிறது. எல்லா மென்பொருளிலும் செல்லும். பத்திக்கு யாரும் 'பி_' என்று பெயர் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் குழுவில் இருக்க வேண்டும். மை எஸ்க்யூஎல்லில் கைகொடுப்பதும் இதுவே.

இரண்டாவது, அடைமொழி. 'மதுரைக் கணேசன்' என்று ஊரைச் சேர்ப்பது போல. போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் செயற்கூறின் பெயரை முன்னால் வைத்துப் புள்ளியிட்டு எழுதலாம்:

அப்டேட் உறுப்பினர் செட் முகவரி = முகவரி_மாற்று.முகவரி வேர் உறுப்பினர்.எண் = முகவரி_மாற்று.எண்;

இப்போது எது யாருடையது என்பதில் ஐயமே இல்லை. பின்னால் எந்தப் பத்தி குடிவந்தாலும் கவலையில்லை. 'செட்' அடுத்த முகவரிக்கு அடைமொழி தேவையில்லை. அது 'மா பூத்தது' வகை. போஸ்ட்கிரெஸில் அங்கே அட்டவணைப் பெயரைச் சேர்த்தால் அதுவே பிழையாகும். செயற்கூறின் பெயரை முன்னால் வைப்பது, போஸ்ட்கிரெஸில் வெளியிலிருந்து வரும் மாறிகளுக்கு மட்டுமே பொருந்தும். உள்ளே அறிவித்த மாறிகளுக்கு, அந்தத் தொகுதிக்கு ஒரு பெயர்ச்சீட்டு கொடுத்து அதை அடைமொழியாக்க வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம். 'உறுப்பினர்.எண் = எண்' என்று பத்திக்கு மட்டும் அடைமொழி கொடுத்துவிட்டு, 'சரியாப் போச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். இடப்பக்கம் தெளிவு; வலப்பக்கத்து 'எண்' இன்னும் இரண்டையும் குறிக்கலாமே! மை எஸ்க்யூஎல் அதை மாறி என்று எடுத்துக்கொள்ளும், வேலை நடக்கும். போஸ்ட்கிரெஸ் பிழை காட்டும். ஆரக்கிளோ அதையும் பத்தி என்றே கொள்ளும். 850 வரிசையும் மறுபடி தேர்வாகும். இரண்டு கணேசனில் ஒருவருக்கு மட்டும் ஊர்ப்பெயர் சொன்னால் போதாது. நாம் அழைப்பது யாரோ, அவருக்குத்தான் ஊர்ப்பெயர் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உத்தரவு. போஸ்ட்கிரெஸில் செயற்கூறின் தலையில் 'வேரியபிள்_கான்ஃப்ளிக்ட்' என்ற குறிப்பை எழுதலாம். மோதினால் பிழை காட்டு, மாறியை எடு, பத்தியை எடு என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய செயற்கூறுகள் நிறைய இருந்து, எல்லாவற்றையும் திருத்த நேரமில்லாதபோது இது உதவும். புதிதாக எழுதும்போது இதை நம்பக் கூடாது என்பது என் கருத்து. விதி தலையில் இருக்கும், கட்டளை நூறு வரி கீழே இருக்கும். படிப்பவர் கண்ணில் படாது. தரவுத்தளம் முழுவதற்கும் இந்த அமைப்பை மாற்றவும் வழி உண்டு. அதைத் தொடாமலிருப்பதே நல்லது. ஓரிடத்தில் சரியாக ஓடும் செயற்கூறு, வேறோர் அமைப்பில் வேறு விதமாக நடக்கும்.

நான்காவது, வரிசை எண். முதல் மாறியை '$1' என்றும் இரண்டாவதை '$2' என்றும் எழுதலாம். மோதாது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் படித்தால் எழுதியவருக்கே '$4' எது என்று தெரியாது. 'மூணாவது பையன்' என்று கூப்பிடுவது போல; குழந்தைகளின் பெயர் இருக்கும்போது அது எதற்கு?

மறைந்திருக்கும் மூன்று இடங்கள்

போஸ்ட்கிரெஸில் வேலை செய்பவர்கள் குறிப்பாக மூன்று இடங்களில் விழித்திருக்க வேண்டும்.

ஒன்று, அட்டவணையைத் திருப்பித் தரும் செயற்கூறு. 'ரிட்டர்ன்ஸ் டேபிள்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் எண், பெயர் என்று விடையின் தலைப்புகளைக் கொடுப்பார்கள். அந்தத் தலைப்புகள் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் ஒரு மாறியாகிவிடுகின்றன. உள்ளே 'செலக்ட் எண், பெயர் ஃப்ரம் உறுப்பினர்' என்று எழுதினால் மோதல். 'நான் மாறியே அறிவிக்கலையே, எங்கிருந்து வந்தது?' என்று புதியவர்கள் திகைக்கும் இடம் இது. அட்டவணைக்கு 'உ' என்று ஒரு சிறு புனைபெயர் கொடுத்து 'உ.எண், உ.பெயர்' என்று எழுதினால் தீர்ந்தது. இங்கே நமக்கு வேண்டியது பத்தி. அதற்கே அடைமொழி கொடுத்துவிட்டோம்.

இரண்டு, 'இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்' என்ற கட்டளை. 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பில் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' என்ற தொடர் சேர்ந்தது. அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் வரும் பத்திப் பெயர் மாறியோடு மோதக்கூடும். ஆனால் அந்த இடத்தில் அட்டவணைப் பெயரை அடைமொழியாகச் சேர்க்க இலக்கணம் இடம் தருவதில்லை. பத்திப் பெயருக்குப் பதில், 'ஆன் கான்ஸ்ட்ரெயிண்ட்' என்று எழுதி அந்தக் கட்டுப்பாட்டின் பெயரைத் தரலாம். மாறியின் பெயரை மாற்றுவது அதைவிட எளிது.

மூன்று, வெறும் எஸ்க்யூஎல்லில் எழுதும் செயற்கூறு. 2012இல் வந்த 9.2 பதிப்பு முதல் இவற்றிலும் மாறிகளைப் பெயர் சொல்லி அழைக்கலாம். ஆனால் இங்கே விதி வேறு: மோதினால் பிழை வராது, பத்திக்கே முதல் உரிமை. ஒரே மென்பொருளுக்குள் இரண்டு மொழி, இரண்டு விதி. ஒன்றில் பிழை காட்டி நிற்கும் வரி, மற்றொன்றில் அமைதியாகத் தவறு செய்யும். வேகத்துக்காகச் செயற்கூறை ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு மாற்றி எழுதுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இதற்கு மாறாக, ட்ரிக்கர் எனப்படும் தூண்டு செயற்கூறுகளில் புதிய வரிசையையும் பழைய வரிசையையும் 'நியூ.எண்', 'ஓல்டு.எண்' என்று எப்போதும் அடைமொழியோடுதான் எழுதுகிறோம். அந்தப் பெயர்களால் அங்கே குழப்பம் வருவதில்லை. அடைமொழியின் அருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழில் பெயர் வைக்கலாமா?

மேலே காட்டிய உதாரணங்களில் தமிழ்ப் பெயர்களைப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் நடக்குமா?' என்று இளைஞர்கள் கேட்கலாம். போஸ்ட்கிரெஸில் நடக்கும். அட்டவணைக்கும் பத்திக்கும் மாறிக்கும் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க அது இடம் தருகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு பெயரின் நீளம், இயல்பான அமைப்பில் 63 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். கணக்குப் போட்டால் 21 குறியீடுகள்தான் கிடைக்கின்றன. 'உறுப்பினர்' என்ற சொல்லே 10 குறியீடு, அதாவது 30 பைட். நீளமாகப் பெயர் வைத்தால் வால் வெட்டப்படும். தொடக்கம் ஒன்றாகவும் முடிவு வேறாகவும் உள்ள இரண்டு பெயர்கள் வெட்டுப்பட்டு ஒரே பெயராகிவிடலாம். அது இன்னொரு மோதல்! தமிழில் வைப்பவர்கள் சுருக்கமாக வைக்க வேண்டும்.

நிறைவாக

இத்துறையில் இருக்கும் இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டியவை நான்கு. மாறிகளுக்கு முன்னொட்டு வைப்பதைக் குழு முழுவதும் ஒரே விதமாகப் பின்பற்றுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணை வரும் கட்டளையில் ஒவ்வொரு பத்திக்கும் அட்டவணையின் புனைபெயரைச் சேருங்கள். அட்டவணையில் புதுப் பத்தி சேர்க்குமுன், அந்தப் பெயரில் ஏதாவது செயற்கூறில் மாறி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். திருத்தும் கட்டளையும் நீக்கும் கட்டளையும் எத்தனை வரிசையைத் தொட்டன என்ற கணக்கைப் பாருங்கள். ஒன்று என்று எதிர்பார்த்த இடத்தில் 850 என்று வந்தால், உறுதி செய்யுமுன் திரும்பப் பெற்றுவிடலாம். உறுதி செய்தபின் பழைய நகலைத் தேட வேண்டியதுதான்.

இத்துறையில் இல்லாத பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மகனோ மகளோ "டேட்டாபேஸ், சொன்னா புரியாது" என்றால், "எனக்குத் தெரியும், மா வீழ்ந்தது மாதிரிதானே?" என்று கேட்டுப் பாருங்கள். வேலையைப் பற்றி அவர்கள் பேசத் தொடங்குவார்கள். இலக்கணத்தைப் பற்றி நீங்கள் பேசத் தொடங்கலாம்.